மாயத்தின் விதியும் மதிப்புரையின் கடமையும்: புதுக்கோட்டை மரபை முன்வைத்துச் சிறார் மிகுபுனைவு குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கலின் வரையறை

தமிழில் சிறாருக்கான மிகுபுனைவு நாவல்கள் கடந்த இருபது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்திருந்தும், அவற்றை எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வினா போதிய கவனம் பெறவில்லை. மிகுபுனைவு என்பது நடைமுறை உலகில் நிகழ இயலாதவற்றைக் கதையின் எல்லைக்குள் நிகழக்கூடியனவாக நிறுவிக்காட்டும் புனைவு வகை. பேசும் பொம்மை, சிறகு முளைத்த சிறுமி, காலத்தைக் கடந்து செல்லும் சிறுவன் ஆகியோர் இதன் மாந்தர்கள். பழைய தலைமுறை இதனை மாயாஜாலக் கதை என்று அழைத்தது. இன்றைய வாசகர் பலர் ஃபேண்டஸி என்றே குறிப்பிடுகின்றனர்.

இத்தகைய நாவலுக்கு எழுதப்படும் மதிப்புரை பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை கூறியதும் நின்றுவிடுகிறது. கதை குழந்தைக்கு என்ன நீதி சொல்கிறது என்பது ஒன்று. கதை மூடநம்பிக்கையை வளர்க்குமா என்பது மற்றொன்று. இரண்டுமே பொறுப்புணர்விலிருந்து பிறந்த கேள்விகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை கதையிலிருந்து மாயத்தை நீக்கிவிட்டு எஞ்சுவதையே அளக்கின்றன. மாயம் தன் சொந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறதா, அந்த விதியின் நடுவே முடிவெடுக்கும் பொறுப்பு குழந்தை மாந்தரிடம் விடப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் ஆராய்வதே சிறார் மிகுபுனைவு மதிப்புரையின் கடமை என்பதும், அவ்வாறு ஆராய்ந்தால் நீதி பற்றிய கேள்விக்கும் மூடநம்பிக்கை பற்றிய கேள்விக்கும் அதன் வழியாகவே விடை கிடைக்கும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. இராயவரமும் அரிமழமும்

இந்த ஆய்வுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் பொருத்தமான களம். 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்ட தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்த புதுக்கோட்டையிலிருந்து, அந்த ஆண்டுகளையொட்டிச் சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. சக்தி அச்சகத்தையும் பதிப்பகத்தையும் நிறுவிய வை. கோவிந்தனும், குழந்தைக் கவிஞர் என்று அறியப்பட்ட அழ. வள்ளியப்பாவும் இராயவரத்தில் பிறந்தவர்கள். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி 1925-இல் அரிமழத்தில் பிறந்தார். தமிழ்ச் சிறார் எழுத்தின் இருபெரும் போக்குகளைத் தொடங்கி வளர்த்தவர்களில் முதன்மையான வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும், ஒரே மாவட்டத்தின் அருகருகேயுள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கின்றனர்.

வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாலர் மலர், டமாரம், சங்கு முதலிய இதழ்களில் ஆசிரியப் பொறுப்பு வகித்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அவருடைய பாடல்களின் உலகம் பெரிதும் குழந்தை கண்ணால் காணும் உலகம். வீடு, விலங்கு, விளையாட்டு, திருவிழா, தலைவர்களின் வாழ்க்கை ஆகியவை அங்கே எளிய சந்தத்தில் இடம்பெறுகின்றன. வாண்டுமாமாவோ (1925–2014) கண்ணுக்குத் தெரியாத உலகின் கதவுகளைத் திறந்தவர். பலே பாலு வரிசைப் படக்கதைகளில் பறக்கும் டிராயர் தலைப்பிலேயே வந்து நிற்பதைப் பார்க்கும்போது, அரபுக் கதைகளின் கம்பளத்துக்கு இருந்த இடத்தை ஒரு தமிழ்ச் சிறுவனின் அன்றாட அரைக்கால் சட்டை எடுத்துக்கொண்டது புலனாகும். கல்கி குழுமம் 1972-இல் தொடங்கிய கோகுலம் இதழை வாண்டுமாமா பொறுப்பேற்று வளர்த்தார். 1980களில் அவர் பூந்தளிர் இதழுக்குச் சென்ற காலத்தில் கோகுலத்தின் கௌரவ ஆசிரியராக வள்ளியப்பா பணியாற்றினார். ஆகவே நடப்புலகச் சித்திரிப்பும் மாயப் புனைவும் தமிழில் எதிரெதிர் அணிகளாக நின்றதில்லை. ஒரே இதழின் பக்கங்களை அடுத்தடுத்து நிரப்பியிருக்கின்றன. பிற்கால மதிப்புரைகள்தான் அவற்றை இரு தட்டுகளில் வைத்து ஒன்றைக் கல்வி என்றும் மற்றொன்றைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்தன.

இந்த மரபை நேரில் ஆராய விரும்புவோருக்குப் புதுக்கோட்டையிலேயே ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையரின் உழைப்பில் உருவான இந்த நூலகம் அரிய முதற்பதிப்புகளையும் பழைய இதழ்களையும் திரட்டி வைத்திருப்பதால் பெயர் பெற்றது. படித்து முடித்ததும் பழைய தாளோடு சேர்ந்து போய்விடுவதே சிறுவர் இதழ்களின் இயல்பான முடிவு என்பதால், இத்தகைய சேகரங்கள் இல்லாமல் சிறார் இலக்கியத் திறனாய்வு நினைவுகளை மட்டுமே நம்பியிருக்க நேரும்.

3. நீதியும் பகுத்தறிவும்: இரண்டு பழைய கேள்விகள்

நீதியைத் தேடும் மதிப்புரைக்குத் தமிழில் நெடிய பின்புலம் உண்டு. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் குழந்தைக் கல்வியின் தொடக்கமாக இருந்த சமூகத்தில், குழந்தைக்கென்று தரப்படும் எழுத்து அறம் உரைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாக வேரூன்றியது. ஆனால் அதே சமூகத்தில் விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வீடுதோறும் படிக்கப்பட்டன. பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவாக இருந்த அக்கதைகளை யாரும் நீதியின் பொருட்டுப் படித்ததாகக் கூற இயலாது. மாயக்கதைகள் இயல்பிலேயே குழந்தைகளுக்கு உரியவை என்ற எண்ணம் ஒரு வரலாற்றுத் தற்செயல் என்று ஜே. ஆர். ஆர். டோல்கின் 1939-இல் நிகழ்த்தி 1947-இல் கட்டுரையாக வெளியிட்ட உரையில் வாதிட்டார். தமிழ்ச் சூழலும் அவர் கருத்துக்கு இசைவாகவே இருந்திருக்கிறது.

மூடநம்பிக்கை குறித்த அச்சம் வேறோர் ஊற்றிலிருந்து வருகிறது. பகுத்தறிவு இயக்கமும் பின்னர் அறிவியல் இயக்கமும் தமிழ்நாட்டின் பொது உரையாடலை ஆழமாகப் பாதித்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் துளிர் என்னும் சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்து இந்திய அளவில் பேசப்பட்டது. பேய், பில்லி, சூனியம் பற்றிய பயத்தைப் போக்குவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட இயக்கங்களின் வழியே கதை உலகுக்கு வந்தவர்கள், மந்திரவாதி வரும் நாவலைச் சற்று ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

இந்த ஐயத்துக்குச் சிறார் இலக்கியமே விடை தந்திருக்கிறது. மாயக் கதைகளை எழுதிய வாண்டுமாமா, தோன்றியது எப்படி என்பது போன்ற அறிவியல் தகவல் நூல்களையும் எழுதிக் குவித்தார். ஒன்று மற்றொன்றுக்குக் குறுக்கே நிற்பதாக அவரும் கருதவில்லை, அவருடைய வாசகரும் கருதவில்லை. மறுபுறம், அறிவியலைப் பரப்பும் நோக்கோடு எழுதிவரும் இரா. நடராசன், விக்கிரமாதித்தன் மரபை எடுத்துக்கொண்டு விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள் என்ற நூலை எழுதி 2014-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரத்தைப் பெற்றார். விஞ்ஞானம் கூட வேதாளத்தின் தோளேறி வந்து குழந்தைகளைச் சந்தித்திருக்கும் நிலையில், மாயம் வருவதாலேயே ஒரு நூல் அறிவுக்குப் பகை என்று முடிவு செய்வதற்கு இடமில்லை.

4. மாயம் நுழையும் வழிகள்

ஒரு மிகுபுனைவு நாவலை மதிப்பிடும் முதற்படி, அதன் உலகத்துக்குள் மாயம் எவ்வாறு நுழைகிறது என்பதைக் கண்டறிவது. ஃபாரா மென்டில்சன் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதற்கு நான்கு வழிகளை வகுத்தார். நடப்புலகத்தவர் ஒரு வாயிலைக் கடந்து மாய உலகுக்குச் செல்வது முதல் வகை. தொடக்கம் முதலே மாய உலகில் கதை நிகழ்வது இரண்டாவது. நடப்புலகத்துக்குள் மாயப்பொருள் ஒன்று புகுந்து அதன் ஒழுங்கைக் கலைப்பது மூன்றாவது. நடந்தது மாயமா இல்லையா என்ற ஐயத்தின் விளிம்பிலேயே கதை நிற்பது நான்காவது.

தமிழ் நூல்களுக்கு இந்த வகைப்பாடு நன்றாகவே பொருந்துகிறது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவின் இராஜகுமாரர் தொடர்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அங்கே பூதமும் மந்திரவாதியும் ஊரின் இயல்பான குடிகள் என்பதால் அவர்களைக் கண்டு யாரும் மலைப்பதில்லை. யெஸ். பாலபாரதியின் ஆமை காட்டிய அற்புத உலகம் சிறாரைக் கடலடிக்கு அழைத்துச் செல்லும் வாயில் கதை. 2020-இல் பால சாகித்திய புரஸ்காரம் பெற்ற அவருடைய மரப்பாச்சி சொன்ன ரகசியம், ஷாலினி என்ற சிறுமியின் வீட்டுக்குள் பேசும் மரப்பாச்சி பொம்மையைக் கொண்டுவரும் மூன்றாம் வகைக் கதை. 2023-இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ஆதனின் பொம்மை, கீழடியின் மண்ணிலிருந்து வெளிப்படும் பொம்மையை வாயிலாக்கித் பழங்காலத்துக்கு வழி திறக்கிறது.

இந்த வகைப்பாடு மதிப்புரையாளருக்கு எதிர்பார்ப்பைச் சரிசெய்து தருகிறது. வாயில் கதையில் புதிய உலகைப் பற்றிய விவரிப்பு மிகுந்திருப்பது குறையன்று. அங்கே சிறுவனும் வாசகரும் ஒருசேரப் புதியவர்கள். மூன்றாம் வகையான ஊடுருவல் கதையிலோ விவரிப்பு குறைந்து, வீட்டாரும் பள்ளியும் மாயத்தை எதிர்கொள்ளும் விதமே கதையைத் தாங்க வேண்டும். பேசும் பொம்மை வீட்டுக்கு வந்த பின்னும் வீட்டில் எதுவும் மாறவில்லை என்றால், அந்தப் பொம்மை அறிவுரை சொல்லும் பெரியவருக்கு மாற்றாக வைக்கப்பட்டது என்றே பொருள்.

5. விதியும் விலையும்

மிகுபுனைவின் வலிமை அதன் மாயத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்ற கதையில் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலையில்லாத இடத்தில் கதையும் இல்லை. இதற்குத் தமிழ் வாசகர் அறிந்த மிகச் சிறந்த சான்று வேதாளக் கதை. விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் விக்கிரமாதித்தனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டே நிபந்தனைகள்தாம். அரசனின் அறிவே அவனைத் திரும்பத் திரும்ப மரத்தடிக்கு அனுப்புகிறது என்ற முரண், எந்த அலங்காரமும் இன்றி அந்த விதிகளிலிருந்தே பிறக்கிறது. ஒவ்வொரு கதையின் இறுதியிலும் எழுப்பப்படும் அறக்கேள்விக்கு அரசன் விடை தேடும்போது வாசகரும் உடன் தேடுகிறார். நீதி விவாதத்தின் வழியே பெறப்படுகிறது, போதனையாக வழங்கப்படுவதில்லை. நீதியை எதிர்பார்க்கும் மதிப்புரையாளர் நாடுவதும் இதுவே; ஆனால் அதற்கு இட்டுச்செல்லும் வழி மாயத்தின் விதிதான் என்பதை அவர் கவனிப்பதில்லை.

உர்சுலா லெ குவின் 1968 முதல் எழுதிய எர்த்ஸீ வரிசை நாவல்கள் இதே நெறியை நவீன வடிவில் காட்டுகின்றன. அங்கே ஒரு பொருளின் உண்மையான பெயரை அறிந்தவரே அதன்மீது ஆற்றல் செலுத்த முடியும்; ஒவ்வொரு மந்திரமும் உலகின் சமநிலையைச் சற்றே குலைக்கும் என்பதால் அதைப் பயன்படுத்துவதற்கு விலையுண்டு. 1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையைப் படித்தோ பார்த்தோ வளர்ந்த இன்றைய தமிழ்ச் சிறார், மாயத்துக்கு விதியும் வரம்பும் உண்டு என்பதை நன்கு அறிந்தவர்கள். முற்பகுதியில் இல்லாத ஆற்றல் ஒன்று இறுதி அத்தியாயத்தில் திடீரென முளைத்துச் சிக்கலைத் தீர்த்தால், பன்னிரண்டு வயது வாசகர் அதை உடனே கண்டுகொள்வார். மதிப்புரையாளர் அதைச் சுட்டிக்காட்டாமல் நூலின் நற்கருத்தை மட்டும் பாராட்டினால், அவர் யாருக்காக எழுதுகிறார் என்ற கேள்வி எழும்.

விதியோடு இணைந்தது முடிவெடுக்கும் பொறுப்பு. மரப்பாச்சி சொன்ன ரகசியம் சிறார்மீதான பாலியல் அத்துமீறல் என்ற பேசுதற்கு அரிய பொருளைச் சிறாரிடமே பேசிய நாவல் என்பதால், அதைப் பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் அந்தப் பொருளின் இன்றியமையாமையைச் சுற்றியே அமைவது இயல்பு. அந்தப் பாராட்டு தகுதியானதே. ஆயினும் இத்தகைய நாவலை மதிப்பிடும்போது மையமாக நிற்க வேண்டிய கேள்வி, பொம்மை சிறுமியைக் காப்பாற்றுகிறதா, சிறுமி பேசத் துணிவதற்குப் பொம்மை துணைநிற்கிறதா என்பது. முதலாவது நடந்தால், மந்திரப் பொம்மை கிடைக்காத குழந்தைக்கு அக்கதையில் எதுவும் இல்லை. இரண்டாவது நடந்தால், பொம்மை இல்லாத வீட்டிலும் அந்தத் துணிவு செல்லுபடியாகும். கதையின் சமூகப் பயன் அதன் கலை ஒழுங்கையே சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

பெண் குழந்தையின் இடத்தையும் இந்த அளவுகோல் துலக்கிக் காட்டுகிறது. பழைய மாயக்கதைகளில் இளவரசி பெரும்பாலும் மீட்கப்படுபவள் அல்லது பரிசாக வழங்கப்படுபவள். 2025-ஆம் ஆண்டு பால சாகித்திய புரஸ்காரம் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியா, மாயத்தைச் சிறுமியின் உடலிலேயே வைக்கிறது. அதுவும் முழுமையாக வைக்கவில்லை. இரு சிறகு பெற்றவள் பறந்துவிடுவாள், சிறகே இல்லாதவள் நடப்பாள். ஒற்றைச் சிறகோடு என்ன செய்வது என்பதுதான் கதையாகத்தக்க கேள்வி. வரம்புள்ள ஆற்றலே கற்பனையைத் தூண்டும் என்பதற்கு அந்தத் தலைப்பே சான்று.

6. நம்பிக்கைக்கும் புனைவுக்கும் இடையே

மேலைத் திறனாய்வை அப்படியே ஏற்க முடியாத இடம் ஒன்றுண்டு. ட்ஸ்வெட்டன் டோடரோவ் 1970-இல் வெளியிட்ட நூலில், நிகழ்ந்ததற்கு இயற்கையான விளக்கம் உண்டா, இயற்கை மீறிய விளக்கம்தான் உண்டா என்று வாசகர் தயங்கி நிற்கும் கணமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்றார். வாண்டுமாமாவின் நூல்களுள் ஒன்றுக்குக் கனவா? நிஜமா? என்றே பெயர் இருப்பதை எண்ணினால், இந்தத் தயக்கம் தமிழ்ச் சிறுவர் எழுத்துக்கும் அந்நியமானதன்று. ஆனால் டோடரோவ் கருதிய வாசகர், இயற்கை எது, இயற்கை மீறியது எது என்பதில் முன்கூட்டியே உடன்பாடு கொண்ட சமூகத்தைச் சேர்ந்தவர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் அந்த எல்லைக்கோடு அவ்வளவு நேராகச் செல்வதில்லை. ஊர் எல்லையில் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்க, ஐயனார் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் காக்கிறார் என்பது அங்கே பலருக்கு நம்பிக்கை. குளமங்கலத்து ஐயனார் கோயிலின் மாபெரும் குதிரைச் சிலை அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பேருருவம். அதே குதிரை ஒரு சிறார் நாவலில் உயிர்பெற்று ஓடினால், ஒரு குழந்தைக்கு அது மிகுபுனைவு. மற்றொரு குழந்தைக்குத் தன் பாட்டி சொன்ன செய்தியின் தொடர்ச்சி.

இந்நிலையில் மதிப்புரையாளர் இரு தவறுகளிலிருந்து விலக வேண்டியிருக்கிறது. மக்கள் வழிபடும் உருவை வெறும் கதைப்பொருளாகச் சுருக்குவது ஒன்று. வழிபாட்டின் மதிப்பு கருதிக் கதையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்குவது மற்றொன்று. ஐயனாரின் குதிரை நாவலுக்குள் வந்ததும் அது நாவலின் விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்: யாருக்காக ஓடும், எப்போது ஓடாது, அதன்மேல் ஏறும் குழந்தை எதை இழக்க நேரும் என்பன கதைக்குள் விடைகாண வேண்டியவை. விதியும் விலையும் கேட்கப்படும் இடத்தில் குழந்தை கண்மூடி நம்பக் கற்பதில்லை. காரணத்தையும் விளைவையும் பொருத்திப் பார்க்கக் கற்கிறது. பகுத்தறிவாளர் அஞ்சும் மூடநம்பிக்கைக்கு, நன்கு கட்டமைக்கப்பட்ட மாயக்கதையைவிடச் சிறந்த மாற்று மருந்து அரிது.

தொல்லியலும் இதே வகையில் கவனத்துக்குரியது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்ததால், அப்பெயரைத் தாங்கிய சிறுவனைப் படைப்பதற்குச் சான்றின் அடித்தளம் கிடைத்தது. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சித்தன்னவாசலின் தாமரைக் குள ஓவியமும் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும் இதே மாவட்டத்தில் உள்ளன. இவற்றை வாயிலாக்கி நாளை எழுதப்படும் நாவலை மதிப்பிடுபவர், சான்றுள்ள செய்தி எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை இளம் வாசகர் உணரும்படி ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். மாயம் பொய்யாகாது, வரலாறு போல் வேடமிட்ட கற்பனை பொய்யாகிவிடும்.

7. மொழியும் ஓவியமும்

மிகுபுனைவில் நடை வெறும் ஊர்தியன்று, உலகையே அதுதான் எழுப்புகிறது என்று லெ குவின் 1973-இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். தமிழில் நடைத் தேர்வு கூடுதல் சிக்கலானது. அம்புலிமாமா வழியே நிலைபெற்ற அரசவைத் தமிழ் ஒருபுறமும், பள்ளிச் சிறாரின் வட்டாரப் பேச்சு மறுபுறமும் நிற்க, நாவலாசிரியர் எந்த மாந்தருக்கு எதைத் தருவது என்று தேர்ந்தாக வேண்டும். பழங்காலத்துச் சிறுவனும் இன்றைய சிறுவனும் ஒரே தொனியில் பேசினால் காலப்பயணம் நிகழவே இல்லை; பழங்காலத்தவன் செய்யுள் போல் பேசினால் நட்பு நிகழாது. இடைப்பட்ட ஒரு தமிழை ஆசிரியர் கண்டடைந்தாரா என்பதை எடுத்துக்காட்டோடு விளக்கும் மதிப்புரை, எளிய நடை என்ற வழக்கமான ஒற்றைச் சொல்லைவிடப் பயனுடையது.

ஓவியத்தையும் விட்டுவிட முடியாது. தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை எண்ணும் ஒவ்வொருவர் மனத்திலும் எழுவது அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த உருவமே. வாண்டுமாமாவின் படக்கதைகளில் ஓவியர் செல்லத்தின் கோடுகள் கதையின் பாதிப்பங்கு. அப்படியிருந்தும் இன்றைய மதிப்புரைகளில் ஓவியரின் பெயர் இடம்பெறுவதே அரிதாக இருக்கிறது. சொல்லால் நிறுவப்பட்ட விதியை ஓவியம் காக்கிறதா, மீறுகிறதா என்பதும் மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், சிறார் மிகுபுனைவு நாவலின் மதிப்புரை ஐந்து வினாக்களை வரிசையாக எதிர்கொள்ள வேண்டும் என்பது பெறப்படும். மாயம் எவ்வழியே நுழைகிறது, எந்த விதிக்கு உட்படுகிறது, அதற்கு என்ன விலை கேட்கப்படுகிறது, முடிவை யார் எடுக்கிறார், அந்த உலகை மொழியும் ஓவியமும் தாங்கி நிற்கின்றனவா என்பன அவை. நீதியும் அறிவியல் மனப்பான்மையும் இப்பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. விதியை மதிக்கும் கதையில் இரண்டும் உள்ளடங்கியே இருக்கின்றன. விதியற்ற கதையில் நற்கருத்தைப் புகுத்தினாலும் அது குழந்தையின் மனத்தில் தங்குவதில்லை.

இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பெரியவர்களைவிடச் சிறாரே தகுதியுடையவர்கள் என்பதால், பள்ளி நூலகங்களிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் அவர்களே எழுதும் மதிப்புரைகளுக்கு இடமளிப்பது அடுத்த படியாகும். அவ்வாறு எழுதும் குழந்தையிடம் கதையின் நீதியைக் கூறச் சொல்லாமல், அந்த மந்திரம் எப்போது வேலை செய்யாது என்று கேட்டால் போதும். அதற்கு விடை கூற இயன்ற குழந்தை நாவலை முழுமையாகப் படித்திருக்கிறது, விடை தர இயன்ற நாவல் தன் வாசகரை மதித்து எழுதப்பட்டிருக்கிறது.